சொன்ன வாயும் நடந்த காலும்

என் மகளின் கால்களைப் பற்றி முதன்முதலில் அக்கறையாகப் பேசியது அவளுடைய கால்பந்துப் பயிற்சியாளர்தான். அதுவரை அந்தக் கால்கள் எனக்குத் தலைவலி மட்டுமே. செருப்பு வாங்கிக் கொடுத்த வேகத்தில் பிய்ந்து வரும். படிக்கட்டில் பந்தை உருட்டியதற்காகக் கீழ்வீட்டுக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். போன வருஷம் ஒரு காலையில் அந்த ஸயாமா தொலைபேசியில் கூப்பிட்டார். ரங்கூனில் வாத்தியாரம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவோம், பந்து சொல்லிக்கொடுக்கிற அம்மாளையும் அப்படித்தான். உங்கள் மகளை இளையோர் தேசிய அணிக்கு எடுத்திருக்கிறோம் என்றார். நான் நன்றி சொல்வதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"முகாம் தொடங்குற வரைக்கும் அவ காலை முட்டை மாதிரிப் பார்த்துக்கங்க. முதல் நாளே டாக்டர் காலைத்தான் பார்ப்பாரு. காயம் கீயம் இருந்தா இன்னொரு பொண்ணு தயாரா நிக்குது."

வரைபடத்தில் எங்கள் நாடு ஒன்றும் சின்ன நாடு இல்லை. பந்து உருளும் இடத்தில் சின்ன நாடுதான். பெரிய அணி ஒன்று வருகிறது என்றால், ஜெயிப்போமா என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை, எத்தனை கோலோடு தப்பிப்போம் என்றுதான் பேச்சே தொடங்கும். ஆனாலும் அந்தச் சட்டையை என் வயிற்றில் பிறந்தது போட்டுக்கொள்ளப் போகிறது. எங்கள் பபேடான் பேட்டையில் தமிழ்க்குடும்பத்துப் பெண் ஒருத்தி, அப்பாவின் அம்மா வழியில் கொஞ்சம் பர்மாக்காரி, பின்களத்தில் நின்று பெரிய நாட்டுப் பிள்ளைகளை மறிக்கப் போகிறாள். எனக்கு அன்றைக்குக் கடையில் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தெருமுனையில் ஒரு மேசை, நாலு குட்டை ஸ்டூல், ஒரு அண்டா. சமூசாவைக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டி, முட்டைக்கோஸ், புதினா, வெங்காயம் போட்டு, மேலே பருப்புச் சாறு ஊற்றிக் கொடுப்பேன். எல்லா ஜாதியும் எல்லா மதமும் வந்து சாப்பிடும். எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரியும் அடிக்கடி வருவார். தேர்வுச் செய்தி வந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"பாப்பாவுக்கு எப்பம்மா காப்பு கட்டுறது? கொடி ஏத்துற அன்னிக்கே கட்டிரலாமா?"

"எந்தப் பாப்பாவுக்கு? எதுக்குக் காப்பு?"

"பூக்குழி இறங்கத்தான். உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா? டீம்ல எடுத்துட்டா மகளைப் பூ மிதிக்க வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டாரே. எம் முன்னாலதான் நின்னு சொன்னாரு."

கத்தரிக்கோல் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. பூக்குழிக்குப் பெயரில் மட்டும்தான் பூ. கட்டை எரிந்து கனிந்த நெருப்பை வாரிக் கொட்டி, அதன்மேல் வெறுங்காலோடு நடக்க வேண்டும். திருவிழா ஞாயிற்றுக்கிழமை. அவள் முகாமுக்குப் போக வேண்டியது அடுத்து வரும் புதன்கிழமை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் போட்டாதாங் ஜெட்டியிலிருந்து வந்து, அத்தனை மாடியும் ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றார். அங்கே படகுகளில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிற வேலை அவருக்கு. அவருடைய அம்மா பர்மாக்காரி, அதனால் அவர் புத்தர் இருக்கிற பகோடாவுக்கும் போவார், நம் கோயிலுக்கும் போவார். சளி, காய்ச்சல், மேலதிகாரி கோபம் எல்லாம் பகோடாவில் ஒரு பூங்கொத்தோடு முடிந்துவிடும். பெரிய காரியம் என்றால் மட்டும் மாரியம்மன். அந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"செருப்பை அப்புறம் கழட்டலாம். முதல்ல பதில் சொல்லுங்க" என்றேன். "ஒரு மனுஷன் வேண்டிக்கிட்டா தலைமுடியை வேண்டிக்குவான். சேவலை வேண்டிக்குவான். பந்து விளையாடுற பிள்ளைக்குக் காலையா வேண்டிக்குவான்? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, அதையும் மூட்டையோட மூட்டையா கப்பல்ல ஏத்தி விட்டுட்டீங்களா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எது ஒசத்தியோ அதைத்தானே அம்மனுக்குக் குடுக்கணும். அவகிட்ட அந்தக் காலுதான் ஒசத்தி. அப்படித்தான் தோணுச்சு. எடுப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

எடுப்பாங்கன்னு நினைக்கவே இல்லையாம். வேண்டிக்கொண்டவரே நம்பாத வேண்டுதலை அம்மன் நிறைவேற்றி வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. மின்சாரம் வேறு போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்து திட்டினால் பாதி வீணாகிவிடும் என்று பேசாமல் எழுந்துபோய் விளக்கை ஏற்றினேன்.

மகள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாங்கள் தமிழில் சண்டை போட்டால் அவளுக்குப் புரியாது என்று அவருக்கு இன்னமும் ஒரு நினைப்பு. அவளுக்கு எல்லாம் புரியும், பதில்தான் பாதி பர்மியத்தில் வரும்.

"யாதெ, அம்மா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். அவள் வாயில் ஓயாமல் வருகிற சொல் அதுதான். "நான் நடக்கிறேன். எல்லாரும் நடக்கிறாங்கல்ல?"

"நீ நடக்க வேண்டாம். அம்மன் புரிஞ்சுக்குவா."

"அம்மன் புரிஞ்சுக்குவா, அப்பா புரிஞ்சுக்க மாட்டாரு. நான் நடக்காமப் போய், அப்புறம் மேட்ச்ல என் கால்ல யாராவது மிதிச்சா, அதனாலதான் இப்படி ஆச்சுன்னு சாகுற வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பாரு. அவரைப் பார்த்துப் பார்த்து நானும் நினைப்பேன். அப்படிப் பயந்துக்கிட்டு பந்து ஆட முடியாதும்மா."

அதுதான் சிக்கல். நடந்தால் கால் போகலாம், நடக்காவிட்டால் மனசு போகும். இரண்டில் எது போனாலும் அந்தச் சட்டை இன்னொரு பெண்ணுக்குத்தான்.

எல்லாரும் நடக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை என்பது எங்கள் கோயிலில் ஒரு பேச்சு. நானும் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்தி சுத்தமாக இருந்தால் கொப்புளம் வராது என்பார்கள். அதனால் கொப்புளம் வந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வந்தது என்று சொன்னால் மனசில் அழுக்கு என்றாகிவிடுமே. திருவிழாவுக்கு மறுநாள் லான்மடாவ் மார்க்கெட்டில் வழக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் சிலர் காலை நீட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வெங்காயம் விற்பார்கள். எத்தனை பேருக்குச் சுட்டது என்று அம்மனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் கடையைப் பக்கத்துக் கடை அக்காவிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு, இல்லை, இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி நல்ல மனுஷர்தான். ஆனால் நேர்ந்ததை இல்லை என்று சொல்ல அவருக்கும் பயம். வெள்ளியில் பாதம் செய்து போடுகிறோம் என்றேன். அது கால்வலிக்குப் போடுவது என்றார். அடுத்த வருஷம் இறங்கட்டும் என்றேன். கேட்டது இந்த வருஷம் கிடைத்துவிட்டதே என்றார். கடைசியில் தாடையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி சொன்னார்.

"வேண்டிக்கிட்டவரே இறங்கலாம். அதுல தப்பு இல்ல."

என் வீட்டுக்காரர் உடனே, "நான் இறங்குறேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிட்டது. ஆனால் அவருக்குச் சர்க்கரை. போன மழைக்காலத்தில் பாதத்தில் ஆணி குத்தியதே தெரியாமல் ஜெட்டி முழுக்க நடந்துவிட்டு வந்தவர் அவர். அந்தப் புண் ஆறுவதற்குள் நாங்கள் பட்ட பாடு போதும்.

"இவருக்கு ஆணி குத்தினதே தெரியல, சாமி. நெருப்பு சுட்டா மட்டும் தெரியுமா? சுடலை சுடலைன்னு நடுவுலேயே நின்னுருவாரு" என்றேன். "நான் இறங்குறேன். அவளைப் பெத்தது நான்தானே. அம்மனுக்கு வேணும்னா என் காலை எடுத்துக்கட்டும்."

இதைச் சொன்னது என் கோபம். யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் பொய். பூசாரி என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். மகளுக்குப் பதில் தாய் இறங்கலாம் என்றால் வெள்ளை. கூடாது என்றால் சிவப்பு. அர்ச்சனைக்கு வந்திருந்த ஒரு அம்மாளை எடுக்கச் சொன்னார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சாவகாசமாக ஒரு பாட்டே முணுமுணுத்தாள். நான் நின்ற இடத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஒருவழியாக ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி நிதானமாகப் பிரித்தார்.

மல்லிகை.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் இந்த மனுஷன் உள்ளுக்குள் எவ்வளவு வெந்திருக்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மகளின் கால் தப்பியது. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நெருப்பில் நடக்கப் போவது நான்.

காப்பு கட்டியதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். நான் கவிச்சி தொடக் கூடாது. அவள் முகாமுக்கு உடம்பைத் தேற்ற முட்டையும் மீனும் சாப்பிட வேண்டும். மஞ்சள் கயிறு கட்டிய கையோடு மொஹிங்காவை, அந்த மீன்குழம்பு நூடுல்ஸை, நான் தொட முடியாது என்பதால், காலையில் அவள் அப்பா கீழே போய் வாங்கி, பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றுப் பையில் வைத்து மணியடிப்பார், அவளே இழுத்துக்கொள்வாள். படி ஏறக் கூடாது, மொட்டைமாடியில் ஓடக் கூடாது, தெருவில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தில் அவள் நொந்துபோனாள். "முகாம் இதைவிடச் சுலபமா இருக்கும் போல" என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாக வரிசையில் நின்றேன். குழிக்கு எதிர்ப்பக்கம், பால் ஊற்றி வைத்திருக்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் என் மகள். பொறி பறந்து அவள் காலில் விழப்போகிறது என்று நான் தள்ளிப்போ, தள்ளிப்போ என்று கையை ஆட்டுகிறேன், அவள் நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முன்னால் வருகிறாள். கிளம்பும்போதே எனக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தாள். "காலைப் பார்க்காதம்மா. பந்து எடுத்துட்டுப் போறப்ப நாங்க காலைப் பார்க்க மாட்டோம். போற இடத்தைப் பாரு. என்னைப் பாரு."

அவளைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன். முதலில் சூடு முகத்தில் அறைந்தது, காலில் அப்புறம்தான். பூ மாதிரி இருந்தது என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன், எனக்கு நெருப்பு மாதிரிதான் இருந்தது. அம்மன் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் வாயில் வந்தது முழுக்க என் வீட்டுக்காரரைப் பற்றியது, அதை எழுத முடியாது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பாலில் கால் வைத்ததும் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கால் மேல் நான் மிதித்துவிடப் போகிறேன் என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

எனக்குக் கொப்புளம் வந்தது. வலது குதிகாலில் ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒன்று. செவ்வாய்க்கிழமை கடையில் காலை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் சமூசா வெட்டினேன். கேட்டவர்களிடம் எல்லாம், "ஆமாம், சுட்டுச்சு, கொப்புளம் வந்துச்சு" என்றேன். அழுக்கு மனசு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், கோபத்தோடு இறங்கியவளுக்கு வேறென்ன வரும். பக்கத்துக் கடை அக்கா குனிந்து, தன் செருப்பிலிருந்து காலை உருவி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டினாள். "எனக்கு வருஷா வருஷம் வருது" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்களைத்தான் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மகளிடமிருந்து செய்தி வந்தது. டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், நகத்தை வெட்டச் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை நான் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்டினேன். நகத்தை வெட்டச் சொன்னாராம். அதைவிட இனிப்பான சேதி அன்றைக்கு ரங்கூனில் யாருக்கும் வந்திருக்காது.

அடுத்த வாரமே முதல் ஆட்டம், ஒரு பெரிய நாட்டோடு. என் வீட்டுக்காரர் ஜெட்டியில் லீவு போட்டார். நான் தொளதொளவென்ற செருப்பு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு, நொண்டியபடி பஸ் ஏறி விளையாட்டரங்கத்துக்குப் போனேன். எங்கள் பிள்ளைகள் வரிசையாக நின்று தேசிய கீதம் பாடியபோது அந்தப் பெரிய நாட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு தலை உயரமாகத் தெரிந்தார்கள். என் மகள் கன்னத்தில், பர்மாப் பிள்ளைகள் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசுகிற தனகா பூசியிருந்தாள். வெயிலுக்காக என்றாள் பிறகு. எனக்கு அவள் பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரித்தான் இருந்தாள்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். அதற்கே பின்னால் இருந்த ஆள், "இன்னிக்கு ஒண்ணோட நிக்குதே" என்று சந்தோஷப்பட்டார். இரண்டாம் பாதியில் அந்தப் பெரிய பெண்கள் அலையலையாக வந்தார்கள். என் மகள் மறித்தாள், விழுந்தாள், எழுந்தாள், பந்தை வெளியே தள்ளினாள், மறுபடி மறித்தாள். படிக்கட்டில் உருட்டிக் கீழ்வீட்டுக்காரரிடம் எனக்கு ஏச்சு வாங்கிக் கொடுத்த பந்துதான் அது. இப்போது ஒரு அரங்கமே அவள் கால் போகிற பக்கம் கழுத்தைத் திருப்பியது.

அப்போது ஒரு பெண் முழு வேகத்தில் வந்து அவள் காலோடு காலாக மோதினாள். சத்தம் எங்களுக்கே கேட்டது. என் மகள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நடுவர் விசில் ஊதினார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

நான் யோசிக்கவில்லை. என் வாய் அதுபாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டது. "தாயே, அவ எந்திரிச்சு நின்னாப் போதும், அடுத்த வருஷம் அவளை உன் குழியில..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் காதில் விழுந்தது. நான் சொல்கிறேன். அந்த மனுஷனை வாரக்கணக்கில் வறுத்தெடுத்த நான், அதே காலை, அதே நெருப்புக்கு, அதே மாதிரி தூக்கிக் கொடுக்கப் போகிறேன். கையில் வேறு எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது அந்த நேரம். உள்ளதிலேயே ஒசத்தியானதை எடுத்து நீட்டிவிடத்தான் தோன்றியது. அவருக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும், பாவம். இதற்குப் போய் அவரிடம் மூளை இருக்கிறதா என்று கேட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, மிச்சத்தை மாற்றிச் சொல்லி முடித்தேன்.

ஸயாமா கோட்டோரம் வரைக்கும் ஓடி வந்துவிட்டார். என் மகள் முதலில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு கையை ஊன்றி எழுந்தாள். காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள், உதறினாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். ஸயாமாவின் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள். இவ்வளவு தூரத்தில் வாயசைவு தெரியாது, ஆனாலும் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். யாதெ. ஸ்ட்ரெச்சர்காரர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி, மைதானமே கலங்கித் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் மைதானத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமில்ல."

"எனக்குக் கேட்டுச்சு. ஆரம்பம் கேட்டுச்சு, முடிவு கேக்கல. யாரு காலு?"

கொப்புளம் இருந்த குதிகாலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்துக் காற்றாட வைத்தேன்.

"என் காலுதான். நீங்க பேசாம மேட்ச்சைப் பாருங்க" என்றேன்.